எண் 2207, கைப்பட்டை

பங்குச் சந்தை ஒரே காலையில் காற்றுப்போன ஆண்டில்தான் தொடுகைச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு பேரையும் விளம்பரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு கம்பெனிகள் கோடிகளில் புரண்டன. உள்ளே போய்ப் பார்த்தால் நான்கு நாற்காலியும் ஒரு காபி மெஷினும் இருக்கும். பட்ட பிறகு அரசாங்கத்துக்குப் புத்தி வந்தது, கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. இனி ஒவ்வொரு பங்குக்குப் பின்னாலும் கையால் தொடக்கூடிய பொருள் இருந்தாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அரசாங்கத் தொடுநர் ஒருவர் வந்து அத்தனையையும் வெறும் கையால் தொட்டுப் பார்ப்பார். அவர் தொடாத பொருள் சட்டத்தின் கண்ணில் இல்லாத பொருள்.

இதற்கு ஒரு முறை உண்டு. பொருள் வாங்கும்போதே அதில் அடையாளத் தூள் ஏற்றிவிடுவார்கள். உருக்கினாலும் பொடித்தாலும் அந்தத் தூளில் இருக்கும் எண் அழியாது. தொடுநர் உள்ளங்கையை வைத்ததும் மணிக்கட்டில் இருக்கும் கருவி எண்ணைப் படித்துச் சொல்லும். அந்த இடத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பக்கத்தில் நின்று "இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கருவியை ஏமாற்றலாம், மனிதக் குரல் ஒன்று பொறுப்பேற்கட்டும் என்பது சட்டம் எழுதியவரின் எண்ணமாக இருந்திருக்கலாம்.

ஒரகடத்தில் தும்பி எலெக்ட்ரானிக்ஸ் என்ற டிவித் திரை செய்யும் கம்பெனியில் அந்தக் குரல் வேதவல்லியுடையது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவள், ஐம்பத்திரண்டு வயது. எந்தத் திருகாணி எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். வேலைக்கு வரும் சின்னப் பிள்ளைகள் அவளுக்கு 'இருக்கக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

ஆனால் ஆயிரக்கணக்கான 'இருக்கு'க்கு நடுவில் ஒரு 'இல்லை'யும் அவள் சொல்லியாக வேண்டியிருந்தது. எண் 2207, கைப்பட்டை. தொழிலாளர் வேலை நேரத்தில் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை அது. அதைக் கட்டியிருந்தவர் தணிகைமலை, மெயின்டெனன்ஸ் ஃபிட்டர், வேதவல்லியின் கணவர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டுப் பொங்கலன்று, "மூணாம் ஷெட்டு உத்தரம் இறங்கிக்கிட்டே வருது. நாலு நாள் லீவுல ஆள் இல்லாதப்பவே வெல்டு வெச்சுட்டு வந்துடறேன், கரும்ப வெட்டி வை" என்று சொல்லிவிட்டுப் போனவர். திரும்பி வரவில்லை. லீவு முடிந்து கம்பெனியைத் திறந்தபோது ஓர் ஏணி, ஒரு வெல்டிங் செட், ஒரு செப்புக்கம்பிச் சுருள், இவற்றோடு தணிகைமலையையும் காணவில்லை. உத்தரம் நேராக இருந்தது. கூரையில் ஒரு கீறல் இல்லை. விபத்து என்று நினைக்க எதுவுமே இல்லை. பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள்.

அவர்களுடைய மகள் பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் எழுத வேண்டிய கட்டத்துக்கு வரும்போதெல்லாம் பேனாவை நிறுத்தி நிறுத்தி எழுதினாள். வேதவல்லி வேலையை விடவில்லை. அவர் போன இடத்தை விட்டு அவள் போய்விட்டால் அவர் ஓடியது உண்மையாகிவிடும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

இந்த ஆண்டு தொட வந்தவள் ஆம்பூர்க்காரி ஷாகிதா. முப்பத்து நான்கு வயது இருக்கும், அதிகம் பேசாதவள். பிற்பகல் இரண்டு மணிக்குள் இரண்டு ஷெட், ஆபீஸ், கேன்டீன், ஜெனரேட்டர் ரூம் எல்லாம் தொட்டு முடித்துவிட்டாள். கம்பெனியின் நிதி மேலாளர் சம்பந்தம் அவளுக்குப் பின்னாலேயே கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி நடந்தார்.

"சார், பங்குக்கு முப்பத்தெட்டு ரூபாய்க்குப் பொருள் இருக்கணும். முப்பத்தொண்ணுதான் வருது," என்றாள் ஷாகிதா.

அது சம்பந்தத்துக்குக் காலையிலேயே தெரியும். ஐந்து மணிக்குள் அந்த முப்பத்தெட்டு ரூபாய்க் கோட்டைத் தொடாவிட்டால் தும்பி சந்தையிலிருந்து போய்விடும். நிலத்தைக் கிடங்குக்காரர்கள் வாங்கக் காத்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் அறுநூற்று நாற்பது பேருக்கும் சம்பளத்தில் ஒரு பகுதி கம்பெனிப் பங்காகவே கொடுக்கப்பட்டிருந்தது. அத்தனையும் வெறும் காகிதமாகிவிடும்.

"காணாமப் போனது மட்டும் நானூத்திப் பன்னெண்டு பொருள்," என்று பட்டியலைப் பார்த்தபடி ஷாகிதா சொன்னாள். "கேன்டீன் ஸ்பூன், சீலிங் ஃபேன், சைக்கிள் ஸ்டாண்டு. சைக்கிள் ஸ்டாண்ட எப்படித் தூக்கிட்டுப் போவாங்க?"

"அதுக்குத்தான் வாட்ச்மேன் ஏழுமலைய வேலைய விட்டுத் தூக்குனாங்க, மேடம்," என்றாள் வேதவல்லி. "மூணாம் ஷெட்டுச் சுவரோரம் எத வெச்சாலும் லீவு முடிஞ்சு வந்தா இருக்காது. அந்தப் பக்கமா எவனோ எகிறிக் குதிச்சு வரான்னு எல்லாரும் சொல்லுவாங்க."

"மூணாம் ஷெட்ல என்ன இருக்கு?"

"பழைய இழைப்பான். ஒரே மெஷின்தான்," என்று சம்பந்தம் இடையில் புகுந்தார். "திரைய நெய்யறது அதுதான். தன்னைத்தானே பழுது பாத்துக்கிற ரகம். மணலும் உலோகமும் குழாய்ல போகும், திரை பெல்ட்ல வெளிய வந்துடும். பன்னெண்டு வருஷமா யாரும் உள்ள போகலை. மதிப்பு தேஞ்சு தேஞ்சு ஒரு ரூபாய்ல நிக்குது. நம்பர் பிளேட் கதவுகிட்டயே வெளிய இருக்கு. எல்லாத் தொடுநரும் அதைத் தொட்டுட்டுத்தான் போவாங்க."

"பிளேட்டத் தொட்டா பிளேட்டு இருக்குன்னுதானே சார் அர்த்தம்?"

சம்பந்தத்துக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரிய பெரிய ஆட்கள் வந்து தகரத்தைத் தடவிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாளே என்று வேதவல்லிக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது.

"ஸ்பேர் பார்ட்ஸ் கடைசியா எப்போ வாங்கினீங்க?" என்று நடந்துகொண்டே ஷாகிதா கேட்டாள்.

"அதுக்குத் தேவையே இல்லையே. இருபது வருஷமா வாங்கறதில்லை. அதுல எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

"பழுது பாத்துக்கத் தெரிஞ்ச மெஷின் சார் அது. நீங்க ஸ்பேர் வாங்கித் தரலைன்னா அது என்ன பண்ணும்?"

அந்தக் கேள்வியோடுதான் அவர்கள் கதவைத் திறந்தார்கள். துருப்பிடித்திருக்கும் என்று எண்ணெயோடு வந்திருந்தாள் வேதவல்லி. கதவு ஓசையே இல்லாமல் திறந்தது. கீல்கள் புதிதாக இருந்தன.

உள்ளே விளக்கு இல்லை, ஆனால் இருட்டும் இல்லை. நெய்து முடிந்த ஒவ்வொரு திரையும் வெளியே போவதற்கு முன்னால் ஒரே ஒருமுறை எல்லா நிறத்தையும் காட்டிவிட்டு அணைந்தது. சிவப்பு பரவி, மஞ்சளாகி, பச்சையும் நீலமுமாக மாறி அடங்கும், உடனே அடுத்த திரை ஆரம்பிக்கும். அந்த வெளிச்சத்தில் வேதவல்லி பார்த்தாள். அவளுக்கு நினைவிருந்த இழைப்பான் ஒரு பஸ் அளவு இருக்கும். இப்போது ஷெட்டு முழுக்க அதுவாகவே இருந்தது. தரை அது, சுவர் அது. அண்ணாந்து பார்த்தால் தகரக் கூரையைக் காணோம். கண்ணாடியும் உலோகமும் விரல் விரலாகக் கோத்த வளைவுகள் உச்சியில் போய்ச் சேர்ந்திருந்தன. எங்கும் ஒரு மூலைகூடக் கூர்மையாக இல்லை. தலைமுடியைவிட மெல்லிய இழைகள் சுவரின் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டிருந்தன. சத்தம் என்று பார்த்தால் மழைக்கு முந்திய காற்று மாதிரி ஓர் இரைச்சல், அவ்வளவுதான்.

வேதவல்லி செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தால் சம்பந்தமும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இதையா ஒரு ரூபாய்னு எழுதினோம்?" என்று அவர் முணுமுணுத்தார்.

ஷாகிதா சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கருவி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அதன் சின்னக் குரலில் சொல்ல ஆரம்பித்தது.

"எண் 5120, கேன்டீன் ஸ்பூன், கலந்தது. எண் 5121, கேன்டீன் ஸ்பூன், கலந்தது. எண் 4980, சீலிங் ஃபேன், கலந்தது."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கலந்ததுன்னா?" என்றாள் வேதவல்லி.

"பொருள் இதோட பொருளா ஆயிடுச்சுன்னு அர்த்தம்க்கா. தூள் அப்படியே இருக்கு." காலையிலிருந்து வேதவல்லியை முறை சொல்லிக் கூப்பிடாத ஷாகிதா இப்போது அவளை அக்கா என்றாள். "திருடன் எவனும் எகிறிக் குதிக்கலை. இதுதான் கைய நீட்டி எடுத்திருக்கு. மேல இருக்கறது போன வருஷத்துது. நான் உள்ள போகப் போகப் பழசு வரும். நீங்க பதில் சொல்லுங்க."

"இருக்கு," என்றாள் வேதவல்லி.

அதன் பிறகு நடந்ததை அவளால் வீட்டில் போய் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஷாகிதா கையை எடுக்காமல் சுவரோடு நகர்ந்தாள். கருவி வருஷம் வருஷமாகப் பின்னால் போனது. தொலைந்த ஒவ்வொன்றும் பேர் சொல்லி வந்தது. சைக்கிள் ஸ்டாண்டு வந்தபோது வேதவல்லிக்கு ஏழுமலை நினைவுக்கு வந்தான், பேரனைத் தூக்கிக்கொண்டு கேட்டில் நின்று கும்பிட்டுவிட்டுப் போன ஏழுமலை. "இருக்கு" என்று அவள் சொன்னது அவனுக்கும் சேர்த்துத்தான். முனை வளைந்த கரண்டி, ஆயுத பூஜைக்கு வாங்கிய பித்தளைத் தாம்பாளம், பழைய ஆபீஸின் இரும்பு பீரோ. இருக்கு, இருக்கு, இருக்கு. எத்தனை பேரைச் சந்தேகப்பட்டோம் என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அத்தனையையும் வாங்கி, ஒன்றைக்கூட வீணாக்காமல், இப்படி ஒரு கோபுரமாக நின்றுகொண்டிருக்கும் இதன் முன்னால் அந்த வெட்கமும் பெரிதாக நிற்கவில்லை.

சம்பந்தம் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். "முப்பத்தெட்டைத் தாண்டிடுச்சு," என்றார் ஒரு கட்டத்தில். பிறகு, "நூத்திப் பத்து." அப்புறம் அவர் எண்ணுவதை விட்டுவிட்டார்.

"கணக்குப் புத்தகத்துல ஒரு ரூபாய்தானேம்மா?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

"சட்டத்துக்குக் கணக்குப் புத்தகம் தெரியாது சார். கை தொடறதுதான் தெரியும். இன்னிக்கு என் கைக்குக் கீழ என்ன இருக்கோ அதோட மதிப்புதான்."

ஷெட்டின் கடைசிக்குப் போனபோது ஷாகிதா நின்றுவிட்டாள். இவ்வளவு தூரம் கெட்டியாக வந்த சுவர் அங்கே உள்ளே வெற்றிடமாக இருந்தது. தட்டினால் வேறு ஓசை. ஓர் ஆள் நீளம், முழங்கால் உயரம். மேலே நேராகப் போக வேண்டிய வளைவுகள் எல்லாம் அந்த இடத்தில் மட்டும் விலகி, குனிந்து, அதைச் சுற்றிப் போயிருந்தன.

மெல்லிய சுவரைத் தாண்டி உள்ளே இருப்பதைப் படித்துக் கருவி சொன்னது: "எண் 0031, கூரை உத்தரம், உடைந்தது. எண் 1630, அலுமினிய ஏணி, முழுமை. எண் 1644, வெல்டிங் செட், முழுமை. எண் 1702, செப்புக்கம்பிச் சுருள், முழுமை. எண் 2207, கைப்பட்டை, முழுமை."

ஒரு திரை சிவந்து, மஞ்சளாகி, நீலமாகி அணைந்தது.

வேதவல்லி சுவரில் சாய்ந்துகொண்டாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உத்தரம் விழுந்திருக்கிறது. அவர் அடியில் இருந்திருக்கிறார். நான்கு நாள் லீவு. மெஷின் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறது, உடைந்த கூரையைச் சரிபண்ணியிருக்கிறது, கீறல் இல்லாமல். அது அவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததால்தான் ஒரு மனிதன் செத்தது யாருக்கும் தெரியாமல் போயிற்று.

"உத்தரம் இறங்குதுன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தாரு சார்," என்றாள் வேதவல்லி.

"தெரியும்மா. மூணு லெட்டரும் என் மேஜைக்குத்தான் வந்துது." சம்பந்தம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தானா சரிபண்ணிக்கிற மெஷின்தானே, கூரையையும் அதுவே பாத்துக்கும்னு மேல சொன்னாங்க. பாத்துக்கிச்சு. ஸ்டேஷனுக்குப் புகார் எழுதினதும் நான்தான். உன்ன வேலைய விட்டு அனுப்பக் கூடாதுன்னு சண்டை போட்டதும் நான்தான். ரெண்டும் நான்தான்."

வேதவல்லி ஷாகிதாவிடம் திரும்பினாள்.

"இது அவரத் தொடலையா?"

"தொடலைக்கா."

"ஏன்?"

"எலும்பு இதுக்குத் தெரியாத பொருள். எடுக்கத் தெரியாம விட்டிருக்கும்னு சொல்லலாம்."

"ஏணி தெரிஞ்ச பொருள்தானே? வெல்டிங் செட்டு?"

"தெரிஞ்சதுதான்."

"கைப்பட்டைல தங்கக் கம்பி இருக்கு. ஸ்பூன வரைக்கும் தேடிப் போய் எடுத்திருக்கே. அவரு கைல இருந்த தங்கத்த ஏன் எடுக்கலை?"

மேலே குனிந்து விலகிப் போயிருந்த வளைவுகளையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சம்பந்தம் தன்னை அறியாமலே கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மணி நாலு நாற்பது ஆனதும் அவர்தான் முதலில் அசைந்தார். "வேதவல்லி, ஒண்ணு கேக்கறேன், என்னக் கொன்னு போடற மாதிரி பாக்காத. மத்தது எல்லாம் போதும். கோட்டைத் தாண்டியாச்சு. 2207 இருக்குன்னு சொன்னா போலீஸ் வரும், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவாங்க, ஷெட்டுக்குச் சீல் விழும். ஒரு திரை வெளிய போகாது. எத்தன மாசமோ தெரியாது. அறுநூத்தி நாப்பது குடும்பம். இந்த வருஷம் மட்டும் இல்லைன்னு சொல்லு. அடுத்த வருஷம் நானே வந்து பக்கத்துல நிக்கறேன். அவர் எங்கயும் போகப் போறதில்லையேம்மா."

கெட்டவர் பேசுகிற பேச்சில்லை அது. அதனால்தான் வேதவல்லிக்கு அது இன்னும் கனமாக இருந்தது. மதியம் கேன்டீனில் தன் சோற்றில் பாதியை அவளுக்குத் தள்ளிவிடும் பூங்கொடி, வீடு கட்டப் பங்கை நம்பி அஸ்திவாரம் போட்டிருக்கும் டிரைவர் அந்தோணிசாமி, எல்லாரும் அவள் கண்முன் வந்து போனார்கள்.

"நீங்க என்ன சொல்றீங்க மேடம்?" என்று ஷாகிதாவைக் கேட்டாள்.

"பட்டியல்ல இருக்கிற எல்லா நம்பரையும் நான் கூப்பிடணும். அது என் வேலை. நான் கருவி சொன்னதக் கேட்டேன், அத அழிக்க மாட்டேன். ஆனா பதில் சொல்ற குரல் உங்களுது. சட்டம் அதத்தான் எடுத்துக்கும். அஞ்சு மணிக்குள்ள தொட்டது கணக்கு, சீல் வெச்சாலும் கணக்குதான். அதுக்கு மேல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுக்கா. பொய் சொல்லி உங்களத் தேத்த மாட்டேன்."

வேதவல்லி சுவரில் கையை வைத்தாள். அவள் கையில் கருவி இல்லை, அதனால் எந்த எண்ணும் வரவில்லை. வெதுவெதுப்பு மட்டும் வந்தது. எங்கோ ஆழத்தில் ஏதோ ஒன்று விடாமல் நெய்துகொண்டிருப்பது உள்ளங்கையில் தெரிந்தது. பதினெட்டு வருஷம். ஒரு ஸ்பூனுக்காக மண்ணுக்கடியில் இழை விட்டுத் தேடிய இது, இந்த ஓர் இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. சட்டமும் கம்பெனியும் தொடாமலே 'இல்லை' என்று எழுதிவிட்டன. இது தொடாமலே காத்து வைத்திருக்கிறது. ஒரு மெஷினுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போகக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

"கூப்பிடுங்க," என்றாள்.

ஷாகிதா பட்டியலின் கடைசி வரிக்கு வந்தாள். அந்த வரிக்கு எதிரே பதினெட்டு முறை 'இல்லை' என்று வரிசையாக இருந்தது. யார் வசம் என்ற கட்டத்தில் 'தலைமறைவு' என்று பதினெட்டு முறை. பத்தொன்பதாவது கட்டங்கள் காலியாக இருந்தன.

"எண் 2207. கைப்பட்டை."

சம்பந்தம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருக்கு," என்றாள் வேதவல்லி. அன்று சொன்னவற்றிலேயே அதுதான் சன்னமாக வந்தது, ஆனால் ஷெட்டு முழுக்கக் கேட்டது.

ஷாகிதா எழுதிக்கொண்டாள். விரல் அடுத்த கட்டத்துக்குப் போய் நின்றது. "யார் வசம்?"

ஒரு திரை பிறந்து, எல்லா நிறத்தையும் காட்டிவிட்டு அணைந்தது. வேதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தணிகைமலை, மெயின்டெனன்ஸ்," என்றாள். "டூட்டியில இருக்காரு."